ஹிஸ்கே காலடியில் ஒரு பிரேக்

ஹிஸ்கே தம்மனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அவள்தான் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தாள் என்பார்கள். இல்லையென்றால், அவள்தான் நம் கட்சியைக் காட்டிக் கொடுத்தாள் என்பார்கள். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லும் நன்றிகெட்டவர்களும் உண்டு. நான் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் இந்த நோர்டர்ஃபேனில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். பெயர் ஃபென்னா. ஊர் வம்பு முழுக்க என் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசப்படுகிறது. கத்தரி கையில் இருக்கும்போது வாடிக்கையாளரோடு சண்டை போட முடியாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஹிஸ்கேயின் அப்பா கால்வாய் மதகுக் காவலர். படகு வந்து நின்றால், கதவின் இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகும்வரை திறக்க மாட்டார். படகுக்காரன் மணியடிப்பான், திட்டுவான், அவருடைய அம்மாவை இழுப்பான். அவர் சுங்கானைப் புகைத்துக்கொண்டு நிற்பார். அந்தப் பொறுமை அப்படியே மகளுக்கு வந்தது. அவள் ஓட்டுநர் பள்ளி ஆரம்பித்தபோது, "பொம்பளைகிட்ட எவன் கத்துக்க வருவான்?" என்று சிரித்தவர்கள், அடுத்த வருஷமே தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் கத்த மாட்டாள். ஸ்டியரிங்கைப் பிடுங்க மாட்டாள். ஓட்டுநர் பள்ளிக் கார் எல்லாவற்றிலும் சொல்லித் தருபவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமே, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, கையை மடியில் போட்டு, வெளியே மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டு வருவாள். மிதிக்க வேண்டிய இடத்தில் மட்டும் மிதிப்பாள்.

எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தப் போகிறார்கள் என்ற கோபத்தில் அவள் கட்சியில் சேர்ந்தாள். ரயில் போனது போனதுதான். அவள் மட்டும் கட்சியிலேயே தங்கிவிட்டாள். தேர்தல் வந்தால் மழையில் ஏணி தூக்கிக்கொண்டு போய் விளக்குக் கம்பங்களில் போஸ்டர் கட்டுவாள். எங்கள் கடற்காற்று கட்சி பார்க்காது, எல்லோருடையதையும் கிழிக்கும். மறுநாள் மறுபடி ஏறுவாள். கணவன் ஹின்னெர்க் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அதில் இரண்டு "மொய்ன்" ஆக இருக்கும். காலையோ மாலையோ எங்களுக்கு வணக்கம் அதுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வயதாகி ஒதுங்கினார். அடுத்தது ஹிஸ்கே என்று மாவட்டக் கட்சியில் எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். அப்போது மாவட்டத் தலைவனாக இருந்தவன் ரேம்ட் எய்லர்ஸ். வக்கீல், இதே ஊர்ப் பிள்ளை. அவர் இவர் என்று எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை வரவில்லை. "கூட்டத்துல உன்னை நான்தான் அறிமுகப்படுத்திப் பேசுவேன்" என்று அவனே அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கடலணைக்குப் பின்னால் இருக்கும் விடுதியின் பெரிய கூடம். நான் அப்போது கட்சி உறுப்பினர்கூட இல்லை. அன்று காலையில் அவளுக்கு முடி அலங்காரம் செய்ததால், அது கூட்டத்தில் எப்படி எடுபடுகிறது என்று பார்க்கக் கடைசி வரிசையில் போய் நின்றிருந்தேன். ரேம்ட் மேடை ஏறினான். ஹிஸ்கேயைப் புகழ்ந்தான், மேலும் புகழ்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நம்ம எல்லாருக்கும் வண்டியை ஒழுங்கா நிறுத்தச் சொல்லிக் கொடுத்தவங்க ஹிஸ்கே. ஆனா யோசிச்சுப் பாருங்க. நமக்கு வேண்டியது வண்டியை நிறுத்தத் தெரிஞ்ச ஆளா, ஓட்டத் தெரிஞ்ச ஆளா?"

கூடம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "அதனால கனத்த மனசோட, இந்தப் பொறுப்பை நானே ஏத்துக்கறேன்" என்றான்.

எங்கள் கட்சியில் ஒரு பழக்கம் உண்டு. முறையான ஓட்டெடுப்புக்கு முன்னால், "சும்மா மனநிலை பாப்போம், கை தூக்குங்க" என்பார்கள். அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று விதி சொல்கிறது. ஆனால் உன் வீட்டுப் பத்திரத்தை எழுதிய வக்கீல் மேடையில் நின்று பார்க்கும்போது எவன் கையைக் கீழே வைத்திருப்பான்? ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து, "சீட்டு வேணும்" என்று கேட்டால் போதும், ரகசிய ஓட்டு நடத்தியே தீர வேண்டும். அதுவும் விதிதான். அன்று எவரும் கேட்கவில்லை. கைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஹிஸ்கே முதல் வரிசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் கையும் ஏறியது.

ஹின்னெர்க் எழுந்து போய் அவள் கோட்டை எடுத்து வந்து தோளில் போட்டான். இருவரும் கடலணை மேல் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். முறையான ஓட்டெடுப்பு வந்தபோது அவள் பெயரே பட்டியலில் இல்லை, அவளே விலகிவிட்டாள்.

"சிரிச்சவங்களை மன்னிச்சுடலாம் ஃபென்னா," என்று அந்த வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். "என் கை எதுக்கு மேல போச்சு? என் கையையே என்னைக் குத்த வெச்சான் பாரு, அதை மட்டும் விடமாட்டேன்."

நான் அன்றே கட்சியில் சேர்ந்தேன். கொள்கைக்காக இல்லை, கோபத்துக்காக. மறந்துவிடு, மன்னித்துவிடு என்று புத்தி சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அடி வாங்கியது அவர்கள் கன்னம் இல்லை. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விட்டுத் தள்ளு" என்று ஹிஸ்கேயிடம் பல பேர் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். போஸ்டர் கட்டினாள். ரேம்டின் முகம் போட்ட போஸ்டரையும் அவளேதான் கட்டினாள். அவன் சட்டமன்றம் போனான், அங்கிருந்து நாடாளுமன்றம் போனான், பெர்லினில் குடியேறினான். ஊருக்கு வந்தால் தொலைக்காட்சிக் காமிராவோடுதான் வருவான்.

சென்ற இலையுதிர் காலத்தில், பத்தொன்பது வருஷம் கட்சிக்குத் தலைமை தாங்கிய ஹார்ட்விக் ப்ரூமல், போதும், இனி நான் என் தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கிறேன் என்று அறிவித்துவிட்டார். நாடே பரபரத்தது. ப்ரூமலின் நாற்காலிக்கு மூன்று பேர் கிளம்பினார்கள். கிழக்கிலிருந்து சீக்லிண்ட குவாஸ்ட், நிதி விவகாரத்தில் புலி, பேச்சில் ஆமை. கொலோனிலிருந்து செவரின் லிண்ட், நாற்பதுகூட ஆகாதவன். மூன்றாவது, வேறு யார், எங்கள் ரேம்ட் எய்லர்ஸ்.

மூன்று பேரும் ஊர் ஊராகப் போய்த் தொண்டர்கள் முன்னால் ஒரே மேடையில் நின்றார்கள். பிரேமனில் நடந்த கூட்டத்துக்கு ஹிஸ்கேயும் நானும் போனோம். நான் முடியை வைத்து ஆளை எடை போடுகிறவள். குவாஸ்ட் அம்மா தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறார், அதுவும் கோபத்தில். லிண்டின் தலையில் ஒரு முழம் ஜெல். ரேம்ட் நரையை மறைக்க நல்ல இடத்தில் சாயம் போட்டிருந்தான், காதோரம் கொஞ்சம் நரையை வேண்டுமென்றே விட்டிருந்தான். ஹிஸ்கே முடியைப் பார்க்கவில்லை. மேடையில் ஏறும்போது யார் பின்னால் பார்க்கிறார்கள், யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடீ இருக்காங்க?" என்றேன்.

"நல்லாப் பேசினது ரேம்ட்தான்," என்றாள். "ஜெயிச்சுடுவான்."

அப்படிச் சொன்னபோது அவள் முகம் வெளிறியிருந்தது. நாடு முழுக்க எல்லாத் தெருவிலும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இனி உயிர்வாழ வேண்டுமே என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது.

அவனுக்கு இன்னும் ஒரே ஒரு படிதான் இருந்தது. போட்டியிடுகிறவர் பெயரை ஏதாவது ஒரு மாவட்டக் கட்சி, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக்கு முன்மொழிய வேண்டும். ஒரு மாவட்டம் ஒரு பெயரைத்தான் அனுப்பலாம். எந்த மாவட்டமும் அனுப்பலாம்தான், ஆனால் சொந்த மாவட்டமே கை கழுவிய ஆளை வேறு எந்த மாவட்டமும் தொடாது. எங்கள் மாவட்டக் கூட்டம் அதே விடுதியில், அதே கூடத்தில் நடக்கவிருந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமை ஹிஸ்கேயின் சமையலறையில் அவள் முடிக்குச் சுருள் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. ரேம்ட் எய்லர்ஸ் தனியாக வந்து நின்றான்.

"மொய்ன், ஹிஸ்கே! அடேயப்பா, ஃபென்னாவும் இங்கதானா? எத்தனை வருஷமாச்சு!"

"மொய்ன்," என்றாள் ஹிஸ்கே, தலை நிறையச் சுருள் உருளைகளோடு. "உக்காரு. டீ போடறேன்."

எங்கள் பக்கத்துத் தேநீருக்கு ஒழுங்கு உண்டு. கோப்பையில் முதலில் கற்கண்டு, அதன்மேல் கொதிக்கும் டீ, ஓரத்தில் ஒரு கரண்டி பாலாடை. கலக்கக் கூடாது. முதலில் பாலாடை, பிறகு கசப்பு, இனிப்பு கடைசியில்தான் வர வேண்டும். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்போம். தொட்டிலில் இருக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். ரேம்ட் கரண்டியை எடுத்து, பேசிக்கொண்டே, கலக்கு கலக்கு என்று கலக்கினான். பிறகு கரண்டியைத் தட்டில் வைத்தான். ஹிஸ்கே என்னைப் பார்த்தாள். நான் சுருள் போடுவதை நிறுத்திவிட்டேன்.

"ஒரு உதவி கேட்டு வந்தேன் ஹிஸ்கே. வர்ற வியாழக்கிழமை கூட்டத்துல என் பேரை நீதான் முன்மொழியணும். வக்கீலுக்கு வக்கீல் பேசினா எவன் கேப்பான்? டிவிக்காரங்க வர்றாங்க. ஊர்ல பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கத்துக் கொடுத்த அம்மா, 'இவன் எங்க பிள்ளை'ன்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும். அதுக்கு மேல எதுவும் வேணாம்."

"நானா?"

"உன்னை விட்டா யாரு? நாம எத்தனை தேர்தல் சேர்ந்து பார்த்திருக்கோம்! நமக்குள்ள என்னிக்காவது ஒரு மனஸ்தாபம் உண்டா, சொல்லு?"

எனக்குக் கையில் இருந்த சீப்பை அவன் வாயில் செருகலாம் போல இருந்தது. நடிக்கிறானா என்று பார்த்தேன். இல்லை. அவன் கண்ணில் ஒரு துளி கள்ளம் இல்லை. பன்னிரண்டு வருஷமாக இவள் நெஞ்சில் கிடந்து உறுத்துவது அவன் நினைவில் ஒரு தூசாகக்கூட இல்லை.

"மனஸ்தாபமா? எதுவும் இல்லையே," என்றாள் ஹிஸ்கே. அவன் கோப்பையில் மறுபடி ஊற்றினாள். "பேசறேன். சந்தோஷமாப் பேசறேன்."

அவன் குடித்தான். அவள் ஊற்றினாள். கரண்டி தட்டிலேயே கிடந்தது. பேச்சு முடிந்தும் அவளுடைய கெட்டில் நிற்கவில்லை. ஐந்தாவது கோப்பைக்கு அவன் கால்களை இடுக்கிக்கொண்டு எழுந்து, கை குலுக்கிவிட்டு, காரை நோக்கி ஏறக்குறைய ஓடினான். அவன் போனதும் நான் கத்தினேன்.

"உனக்குப் பைத்தியமாடீ? அவனுக்காகவா பேசப் போற?"

"அவன் எனக்காகப் பேசின மாதிரியே பேசப் போறேன்," என்றாள். "முடியை நல்லாப் போட்டு விடு. டிவி வருதாம்."

வியாழக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. கேல் கீரையும் தொத்திறைச்சியும் வெந்த வாசனை, ஈரக் கோட்டுகளின் வாசனை. மேடையில் இப்போதைய மாவட்டத் தலைவர் ஓக்கோ உட்கார்ந்திருந்தார். மாட்டுப் பண்ணைக்காரர், மைக்கைக் கண்டால் வேர்க்கும். முதல் வரிசையில் ரேம்ட், மனைவியோடு. ஓட்டு எண்ணும் மூவரில் ஒருத்தியாக நான் மேடை ஓரத்தில் இருந்தேன். ஹின்னெர்க் வழக்கம்போல வாசல் பக்கம், கோட்டுகள் தொங்கும் இடத்தருகே.

"நம்ம ரேம்டை முன்மொழிஞ்சு ஹிஸ்கே பேசுவாங்க," என்றார் ஓக்கோ. எல்லோரும் மேசையை விரல் கணுவால் தட்டினார்கள், கூட்டத்தில் எங்களுக்குக் கைதட்டல் அதுதான்.

"மொய்ன்," என்று ஆரம்பித்தாள். "நான் பேச்சாளி இல்ல. பக்கத்து சீட்ல உக்காந்து மத்தவங்க ஓட்டறதைப் பாக்கறவ. அதனால தலைவர் பதவிக்கு நிக்கற மூணு பேரையும் என் வண்டியில ஏத்திப் பாத்தேன்னு வெச்சுக்கோங்க."

மேசைகள் தடதடத்தன.

"முதல்ல கொலோன் தம்பி லிண்ட். பாட்டைச் சத்தமா வெச்சுக்கிட்டு, ஒரு கையை வெளிய தொங்கப் போட்டு ஓட்டுவாரு. பாக்க அழகுதான். ஆனா இன்டிகேட்டர்னு ஒண்ணு வண்டியில இருக்கறதே அவருக்குத் தெரியாது. எங்க திரும்புவார்னு பின்னால வர்றவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

சிரிப்பு. ரேம்ட் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"அடுத்தது குவாஸ்ட் அம்மா. மூணு கண்ணாடியும் பாத்து, கழுத்தைத் திருப்பியும் பாத்து, அப்புறம்தான் கிளப்புவாங்க. பின்னாடி இருக்கறவன் ஹார்ன் அடிச்சே கிழவனாயிடுவான். அந்த வண்டியில போனா கல்யாணத்துக்குக் கிளம்பி பேரப்பிள்ளை பேர் வைக்கறதுக்குத்தான் போய்ச் சேரலாம். ஆனா போய்ச் சேரலாம்."

இன்னும் பெரிய சிரிப்பு. ஓக்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நம்ம ரேம்ட்." அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க இடம் காலியாகும்னு மூக்குல வேர்த்துடும். அடுத்தவன் ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருப்பான், இவரு முன்னாடி நுழைச்சு நச்சுனு நிறுத்தியிருப்பாரு. சட்டமன்றமாகட்டும், பெர்லினாகட்டும், அந்த வித்தையில அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா யோசிச்சுப் பாருங்க." இங்கே அவள் குரலைத் தாழ்த்தினாள். "நமக்கு வேண்டியது வண்டியை நிறுத்தத் தெரிஞ்ச ஆளா, ஓட்டத் தெரிஞ்ச ஆளா?"

முதலில் சிரித்தது ரேம்ட்தான். தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய, காமிராவுக்காகச் சிரித்தான். அடுத்த வரியில் ஓட்டத் தெரிந்தவன் இவன்தான் என்று வரப் போகிறது என நினைத்திருப்பான். கூடமும் சிரித்தது. பிறகு பழைய ஆட்கள் உட்கார்ந்திருந்த மேசைகளில் சிரிப்பு சட்டென்று நின்றது. ஒருவர் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இன்னொருவர் மனைவியின் முழங்கையைத் தொட்டார். அந்த அமைதி மேசை மேசையாக முன்னால் நகர்ந்து வந்தது. ரேம்ட் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். தன் சொற்கள் என்று அவனுக்குத் தெரியவே இல்லை.

"அதனால கனத்த மனசோட," என்றாள் ஹிஸ்கே, "நம்ம மாவட்டத்து சார்பா சீக்லிண்ட குவாஸ்ட் பேரை முன்மொழியறேன்."

அப்போது பார்க்க வேண்டும் அவன் முகத்தை. நான் பார்த்தேன். கண் இமைக்காமல் பார்த்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு குளிர்கிறது.

பாவம் ஓக்கோ, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பினார். "சரி, சரி... அமைதி... இப்ப சும்மா மனநிலை பாப்போம். ரேம்டுக்கு ஆதரவா இருக்கறவங்க கை..."

"தலைவரே," என்று ஹிஸ்கே குறுக்கிட்டாள். "சீட்டு வேணும்."

"என்னம்மா?"

"நான் உறுப்பினர். சீட்டு வேணும்னு கேக்கறேன். ஒருத்தர் கேட்டா போதும்."

விதி விதிதான். சீட்டு கொடுத்தோம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கையை உயர்த்தியவர்கள், இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கையால் எழுதினார்கள். எண்ணி முடித்ததும் காகிதத்தை நானே கொண்டுபோய் ஓக்கோவிடம் நீட்டினேன். பாதிக்கு மேல் குவாஸ்ட். ஓக்கோ மூன்று முறை தொண்டையைக் கனைத்துவிட்டு அறிவித்தார். யாரும் மேசையைத் தட்டவில்லை.

கூட்டம் கலையும்போது ரேம்ட் எங்கள் மேசைக்கு வந்தான். காமிராக்கள் அவனைத் தேடிக்கொண்டிருந்தன. கழுத்துப் பட்டை தளர்ந்திருந்தது.

"ஏன் ஹிஸ்கே? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

நான் வாயைத் திறந்தேன். பட்டியலே வைத்திருந்தேன். மேசைக்கடியில் ஹிஸ்கேயின் கால் என் காலை அழுத்தமாக மிதித்தது. மிதித்தபடியே அவனைப் பார்த்து, "யோசி," என்றாள். "உனக்கு இனிமே நேரம் இருக்கும்."

ஹின்னெர்க் கோட்டை எடுத்து வந்து அவள் தோளில் போட்டான். "நல்லா ஓட்டின," என்றான். அன்றைய நாலு வார்த்தையில் அவை இரண்டு.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான்: சொந்த ஊரே வேண்டாம் என்றது. வேறு எந்த மாவட்டமும் அவனைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டான். மாநாட்டில் ஜெயித்தது யார் தெரியுமா? இன்டிகேட்டர் போடத் தெரியாத லிண்ட். குவாஸ்ட் அம்மா கொஞ்ச ஓட்டில் தோற்றார்.

அதற்குப் பிறகு ஊர் ஹிஸ்கே மேல் பாய்ந்தது. ரேம்ட் தலைவராக வந்திருந்தால் இந்த ஊருக்கு என்னவெல்லாம் வந்திருக்கும் என்று என் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சிலர் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் ஓட்டுநர் பள்ளிக்கு அனுப்பினார்கள். பேக்கரிக்காரி அவளுக்கு மட்டும் முந்தின நாள் ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். ஓக்கோவே ஒருநாள் தெருவில் நிறுத்திக் கேட்டார்.

"என்ன ஹிஸ்கே இப்படிப் பண்ணிட்ட? நம்ம ஆளு தலைவரா வந்திருந்தா ரயிலாவது திரும்ப வந்திருக்கும். இப்ப அந்த ஜெல் தலையன் வந்து உக்காந்துட்டான். இதுக்கா இவ்வளவும்?"

"என் பக்கத்துல பிரேக் மட்டும்தான் இருக்கு ஓக்கோ, ஸ்டியரிங் கிடையாது," என்றாள். "யாரு வரணும்னு முடிவு பண்ண என்னால முடியாது. யாரு வரக்கூடாதுன்னு ஒரு தடவை மிதிச்சேன். அவ்வளவுதான்."

அப்படிச் சொன்னாளே தவிர, குளிர்காலம் முடியும்போது அவள் மனம் இளக ஆரம்பித்தது. ரேம்ட் பெர்லின் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டான், கடலணை மேல் தனியாக நடக்கிறான் என்று கேள்விப்பட்டாள். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, "போதும் ஃபென்னா," என்றாள். "தெரியாம அடி வாங்கறதும் பாவம்தான். உன்கிட்ட கேட்டான்னா, எதுக்குன்னு சொல்லிடு." எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பழி அவளுடையது, அதை முடிக்கும் உரிமையும் அவளுடையது. சரி என்றேன்.

அடுத்த வாரமே அவன் என் கடைக்கு வந்தான். சாயம் போய் முழு நரை. நாற்காலியில் உட்கார்ந்தான். துணியைக் கழுத்தில் கட்டினேன். வருகிறவர்களுக்குக் கொடுப்பது போல டீயும் வைத்தேன்.

"ஃபென்னா, உனக்குத் தெரியும்," என்றான் கண்ணாடியில் என்னைப் பார்த்து. "ஹிஸ்கே எதுக்கு அப்படிப் பண்ணா? ராத்திரியெல்லாம் யோசிக்கறேன். பிடிபடல."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"அந்த நடைபாதை விஷயமா? அவ வீட்டு முன்னாடி வர வேண்டியதை எங்க மாமனார் வீட்டுப் பக்கம் மாத்தி விட்டேன். அதையா மனசுல வெச்சிருக்கா?"

எனக்கு இது செய்தி. இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப ஹின்னெர்க் வேலை விஷயம்தான்," என்றான் மெதுவாக. "கப்பல் தளத்துல ஆள் குறைச்சப்ப என்கிட்ட கருத்துக் கேட்டாங்க. வேலையை விட்டு அனுப்பறதுக்கு நம்ம கட்சிக்காரன் பேரையே முதல்ல சொன்னா நான் நடுநிலைன்னு காட்டும்னு நெனச்சேன். யாரு சொல்லியிருப்பா அவகிட்ட?"

கத்தரி என் கையில் நின்றுவிட்டது. அந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. தளத்தில் மறுபடி வேலைக்குக் கூப்பிடும்வரை, குளிர்காலம் முழுக்க ஹின்னெர்க் சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்திருந்தான். அந்த நாலு வார்த்தையும் நின்றுபோயிருந்தது. தன் கைவேலையில்தான் ஏதோ குறை என்று அந்த மனிதன் நம்பிக்கொண்டிருந்தான். யாரும் எதையும் ஹிஸ்கேயிடம் சொல்லவில்லை. இவன்தான் இப்போது சொல்கிறான்.

"அதுவும் இல்லியா?" என்றான் என் முகத்தைப் பார்த்து. "அப்ப வேற என்ன?"

"தெரியாது," என்றேன். "காதோரம் குட்டையா வெட்டட்டுமா?"

அவன் பெருமூச்சு விட்டான். டீக் கோப்பையை எடுத்தான். கரண்டியால் கலக்கினான். நான் காதோரம் வெட்ட ஆரம்பித்தேன்.

கடையை மூடிவிட்டு நேரே ஹிஸ்கே வீட்டுக்குப் போனேன். ஹின்னெர்க் தளத்திலிருந்து இன்னும் வரவில்லை. நடைபாதையைச் சொன்னேன், சிரித்தாள். ஹின்னெர்க் வேலை போன கதையைச் சொன்னேன். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னலருகே இருந்த அவன் நாற்காலியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"எதுக்குன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சொல்லாத," என்றாள். "யோசிக்கட்டும். யோசிக்க யோசிக்க இன்னும் எத்தனை வெளிய வருதுன்னு பாப்போம்."

கோப்பையில் மிச்சமிருந்ததை, அடியில் கரைந்திருந்த கற்கண்டோடு சேர்த்து, நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். கரண்டி தட்டிலேயே இருந்தது. நான் இன்னொரு கோப்பை ஊற்றினேன்.